கோவிந்தசாமி கொண்டுவந்த கேன் தண்ணீர்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் தலைமை விஞ்ஞானி என்னைப் பார்த்து "அத்தான்! அத்தான்!" என்று கத்தினார். நான் கையில் ஒரு கண்ணாடி ஃப்ளாஸ்கோடு நின்றிருந்தேன். லேபில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. இந்த அம்மாவுடைய அத்தான் எங்கே வந்து நிற்கிறார் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸில் வைக்கவேண்டிய ஃப்ளாஸ்கை நான் சூடான ஷேக்கரில் வைக்கப் போயிருக்கிறேன். "கொஞ்சம் பொறு" என்பதைத்தான் அவசரத்தில் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். அது என் காதில் அப்படி விழுந்தது.

அவர் பெயர் எஸ்தேல். புதுச்சேரியில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். எஸ்தேல் பிரான்ஸுக்குப் போய்ப் படித்து, அங்கேயே பல வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பி இந்தச் சின்ன லேபை ஆரம்பித்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை "மதாம்" என்போம். அவருக்கு நல்ல தமிழ் வரும். கோபம், பயம், சந்தோஷம் மூன்றில் எது வந்தாலும் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார்.

நான் எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம், சிறுநீர் பார்த்துக்கொண்டிருந்தேன். விளம்பரத்தைப் பார்த்து டெக்னிக்கல் அசிஸ்டெண்ட் வேலைக்கு மனு போட்டேன். என்ன ஆராய்ச்சி என்று எனக்குச் சரியாகத் தெரியாது. "செல்-ஃப்ரீ" என்று போட்டிருந்தார்கள். செல்போன் கொண்டுவரக்கூடாத இடம்போல என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

2. கிருமி இல்லாமல் கிருமியின் வேலை

இன்சுலின் மாதிரி பல மருந்துகளைக் கிருமிகளை வளர்த்து, அவற்றின் உடம்புக்குள் செய்யவைத்து எடுக்கிறார்கள். கிருமிக்கு நாம் கொடுக்கும் டி.என்.ஏ. ஒரு உத்தரவு. அதைப் படித்து, சொன்ன புரதத்தை அது கட்டித் தரும். ஆனால் கிருமி உயிருள்ளது. அதற்கு அதன் வேலை முக்கியம். சாப்பிடும், பெருகும், நமக்குத் தேவையானது அதற்கு விஷமாக இருந்தால் செத்துப்போகும்.

எங்கள் லேபில் கிருமியை உடைத்துவிடுவோம். உள்ளே இருக்கும் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் போட்டிருந்த 'செல்-ஃப்ரீ' என்பது இதுதான். புரதம் கட்டும் சாமான்கள் எல்லாம் அந்தச் சாற்றில் இருக்கும். அதற்குத் தீனியாகக் கொஞ்சம் அமினோ அமிலம், சக்திக்கு ஒரு ரசாயனம், உப்பு, டி.என்.ஏ. சேர்த்தால், உயிரே இல்லாத அந்தச் சாறு டியூபுக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும். என் அப்பா மில் தொழிலாளி. அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, "மில்லு கட்டடத்த இடிச்சுட்டு, மெஷின மட்டும் வெளிய வச்சி கரண்ட் குடுத்து ஓட்டுறோம்ப்பா" என்றேன். "ஓடுதா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "யூனியன் ஒத்துக்குச்சா?" என்றார்.

சாற்றுக்கு எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர். அதைச் செய்வது என் பொறுப்பு. விடியற்காலையிலேயே கிருமி வளர்ந்திருக்கும் குழம்பை சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றி, அடியில் படியும் பழுப்பு நிறப் பசையைக் கழுவி, சோனிகேட்டரில் ஒலி அதிர்வால் உடைக்க வேண்டும். சோனிகேட்டர் போடும் கிரீச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். எல்லாம் ஐஸில் நடக்க வேண்டும். சித்திரை மாசத்தில் வெளியே தார் உருகும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோல்டு ரூமில் நின்றிருப்பேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனால் உடம்பெல்லாம் புளித்த மாவு வாசனை அடிக்கும். என் பெண் பக்கத்தில் வரமாட்டாள். இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். இட்லி மாவு பொங்கும் வாசனை வந்தால் அந்த கோல்டு ரூமும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கைஜாடையில் "ஆச்சா?" என்று கேட்கும் மதாமும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

மத்தியானம் எல்லோரும் மாடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மதாம் பாதி நாள் பிரெட்டும் மீன் குழம்பும் கொண்டுவருவார். அப்படி ஒரு சேர்க்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் புளிசாதத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்த பிரெட்டை என் பக்கம் தள்ளுவார். அந்த மாடியில்தான் காகிதப் பட்டை யோசனை வந்தது.

எக்ஸ்ட்ராக்டைக் காகிதத்தில் சொட்டு விட்டு உறையவைத்துக் காயவைத்தால் அது தூங்கிப்போகும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். தண்ணீர் பட்டதும் முழித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். தண்ணீரில் ஈயம் இருந்தால் மட்டும் நிறம் மாறுகிற மாதிரி ஒரு டி.என்.ஏ.வைச் சேர்த்தோம். ஒரு பட்டையில் இரண்டு வட்டம். இரண்டும் மஞ்சள். இடது வட்டம் ஈயத்துக்கு. ஈயம் இருந்தால் ஊதாவாக மாறும். வலது வட்டம் கண்ட்ரோல். எந்தத் தண்ணீர் பட்டாலும் அது ஊதாவாக வேண்டும். அது மாறினால்தான் காகிதம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கண்காட்சிக்கெல்லாம் அதை எடுத்துப்போவோம். தவளக்குப்பம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டு வந்த பிறகுதான் கோவிந்தசாமி எங்களைத் தேடி வந்தார்.

3. மாறல, பாருங்க!

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னத் தெரு. கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார், மணிலாக் கடலை போடுகிறார். நிலத்துக்குப் போட்ட போர்வெல்லில் நல்ல தண்ணீர் வந்ததால், ஒரு இரும்பு டேங்க் வைத்துத் தெருவுக்கும் லைன் இழுத்துக் கொடுத்திருந்தார். காசு எதுவும் வாங்கவில்லை.

அதே தெருவில் மங்கை என்ற பெண்ணின் மகள் தீபா. ஏழாம் வகுப்பு. மாசக்கணக்காக வயிற்றுவலி, சோர்வு, படிப்பில் மனம் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தபோது ஈயம் இருந்திருக்கிறது. எங்கிருந்து உடம்புக்குப் போகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெயிண்ட்டா, பழைய பேட்டரியா, தண்ணீரா என்று கேட்டிருக்கிறார். மங்கைக்கு தண்ணீர் என்ற சொல் மட்டும் மனசில் நின்றுவிட்டது.

"தெருவுல ஒருத்தரும் எங்கூட்டு ஆளுங்களோட பேசறதில்ல மேடம்" என்றார் கோவிந்தசாமி. "எம் மருமவ முழுகாம இருக்கா. அவளயும் அவங்கம்மா வந்து கூட்டினு போயிட்டாங்க. இந்தத் தண்ணியக் குடிச்சா கொழந்தைக்கு ஆகாதாம். நானும் அந்தத் தண்ணியத்தான குடிக்கிறேன்? கவர்மெண்டு லேபுக்கும் எழுதிக் குடுத்துக்கிறேன். அது எப்ப வரும்னு தெரியல. நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. நல்ல தண்ணின்னு."

நாங்கள் ஆராய்ச்சிக்கூடம்தான், சான்றிதழ் தரும் லேப் இல்லை என்று மதாம் விளக்கினார். பரவாயில்லை, பாருங்கள் என்றார் அவர். கேனைத் திறந்து பட்டையில் தண்ணீர் விட்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அவர் நாற்காலியில் உட்காராமல் பட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இடது வட்டம் மாறவே இல்லை.

"மாறல! மாறல, பாருங்க!" அவர் குரல் உடைந்துவிட்டது. வேட்டி முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே மருமகளுக்குப் போன் போட்டார். "நான்தாம்மா பேசறேன். தண்ணி நல்ல தண்ணிம்மா—"

"போனை வைங்க" என்றார் மதாம். அவர் அப்படி ஒருவரிடம் பேசி நான் கேட்டதில்லை. கோவிந்தசாமி திகைத்துப்போய் போனைக் கீழே இறக்கினார்.

மதாம் வலது வட்டத்தைக் காட்டினார். அதுவும் மாறவில்லை. மஞ்சள்கூட வெளிறிப்போய்க் கிடந்தது.

"ஐயா, இது எந்தத் தண்ணிக்கும் ஊதாவாகணும். ஆகல. அப்படின்னா இந்தக் காகிதம் செத்துப்போச்சு. செத்த காகிதம் ஈயம் இல்லன்னு சொல்லல. அது ஒண்ணுமே சொல்லல."

"இன்னா மேடம் இது? மாறினா கெட்ட தண்ணின்னீங்க. மாறல. அப்ப நல்ல தண்ணிதான?"

"தெரியாது."

"ஒங்க காயிதம் கெட்டுப்போயிருந்தா அதுக்கு நான் இன்னா பண்றது?"

"இருக்கலாம். அதையும் பாத்துடலாம்" என்று மதாம் என்னைப் பார்த்தார். அதே பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்து எங்கள் லேப் தண்ணீரை விட்டேன். இன்னும் ஒரு முறை காத்திருந்தோம். வலது வட்டம் பளிச்சென்று ஊதாவாயிற்று. காகிதத்தில் கோளாறு இல்லை. மதாம் கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். நீச்சல் குளத்தில் அடிக்குமே, அந்த வாசனை.

"இதுல என்ன போட்டீங்க?"

"பிளீச்சிங் பவுடரு" என்றார் அவர். "கேனுக்குள்ளயே ஒரு கரண்டி போட்டேன். எதுனா இருந்தாலும் சுத்தமாயிடுமேன்னு. நல்லபடியா வரட்டும்னுதான் மேடம்."

பிளீச்சிங் பவுடர் கிருமியைத்தான் கொல்லும். ஈயத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் காகிதத்தில் இருக்கும் புரதங்களை நாசமாக்கிவிடும். அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ்ளோ பெரிய லேபு, எவ்ளோ மிஷினு. நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்த சொல்ல முடியல" என்று கேனை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. இடது வட்டத்தைப் பார்த்து அழுதாரே, அந்த முகம் மனசைவிட்டுப் போகவில்லை. "அவ்ளோ கறாரா சொல்லியிருக்க வேணாமோ மதாம்?" என்றேன்.

"நாளைக்கு நாம அங்க போறோம், கலா" என்றார் அவர்.

4. தெருவில்

என் ஸ்கூட்டியின் பின்னால் ஒரு பை நிறையப் பட்டைகளோடு மதாம் உட்கார்ந்துகொண்டார். கடலூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும்போதெல்லாம் "மோன் தியே", அதாவது கடவுளே, என்று என் தோளைக் கிள்ளுவார். தவளக்குப்பம் மார்க்கெட் ஜங்ஷனில் திரும்பி உள்ளே போனோம். கோவிந்தசாமி எங்களை எதிர்பார்க்கவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லாமல் நின்றார். பிறகு அவசரமாக நாற்காலி தேடினார்.

அதற்குள் மங்கை வந்துவிட்டார். "அந்தாளு கூட்டியாந்த ஆளுங்களா? தண்ணி நல்லாக்கீதுன்னு சொல்லிட்டுப் போவ வந்தீங்களா?" என்று கேட்டார். பின்னால் தெருக்காரர்கள் நின்றார்கள்.

மதாம் பையைத் திறந்தார். பட்டைகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "நாங்க தொடமாட்டோம். நீங்களே பிடிச்சு, நீங்களே சொட்டு விடுங்க. எங்க வேணா."

மங்கை இதை எதிர்பார்க்கவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வட்டத்தையும் நான் விளக்கினேன். அவர் இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். முதலில் போர்வெல்லின் வாய். மோட்டார் போட்டதும் நேராகப் பீறிட்டு வரும் தண்ணீர். அடுத்தது தன் வீட்டுக் குழாய். இரண்டு பட்டையையும் கோவிந்தசாமி வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலின்மேல் வைத்தோம். லேபில் இதற்கென்று சூடான பெட்டி உண்டு. அன்றைக்கு அடித்த வெயிலுக்கு அது தேவைப்படவில்லை.

அந்தக் காத்திருப்பு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. யாரும் நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. தீபா வீட்டு வாசலில் நின்று எட்டிப்பார்த்தாள். வெளிறிய, மெலிந்த பெண்.

போர்வெல் பட்டை முதலில் மாறியது. வலது வட்டம் நல்ல ஊதா. இடது வட்டம் மஞ்சளாகவே நின்றது. கோவிந்தசாமி கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியாது. "அப்ப எம் பொண்ணு ரத்தத்துல எப்பிடி வந்துச்சு?" என்று மங்கை கத்தினார். யாரும் பதில் சொல்வதற்குள் நான் அடுத்த பட்டையைப் பார்த்துவிட்டேன். அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இரண்டு வட்டமும் ஊதா.

ஒரே தண்ணீர்தான். பூமியிலிருந்து வரும்போது இல்லாதது, வீட்டுக்குப் போகும்போது இருக்கிறது.

மதாம் எழுந்து பைப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார். போர்வெல்லிலிருந்து டேங்குக்கு ஏறும் பைப், டேங்கிலிருந்து இறங்கும் பைப், தெருவுக்குப் பிரியும் இடம். ஒவ்வொரு இடத்திலும் மங்கையே தண்ணீர் பிடித்தார். மறுபடி காத்திருந்தோம். இந்த முறை மங்கை வீட்டிலிருந்து யாரோ டீ கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். கோவிந்தசாமிக்குக் கொடுக்கவில்லை.

டேங்குக்கு ஏறும் தண்ணீரில் ஈயம் இல்லை. இறங்கும் தண்ணீரில் இருந்தது.

கோவிந்தசாமி ஏணி வைத்து ஏறி மூடியைத் தூக்கினார். நானும் பின்னாலேயே ஏறிப் பார்த்தேன். உள்ளே சுவரெல்லாம் செம்பழுப்பு பெயிண்ட். பொருக்குப் பொருக்காக உரிந்து தண்ணீரில் கிடந்தது.

"இது என்ன பெயிண்ட்டு?" என்று மதாம் கீழேயிருந்து கேட்டார்.

அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "டேங்கு பழசு மேடம். பழைய இரும்புக் கடையில எடுத்தது. துரு புடிச்சினு இருந்துது. துருத் தண்ணிய ஜனங்க குடிக்கக் கூடாதுன்னு, அங்கியே ஒரு டின்னு பெயிண்ட்டு வாங்கியாந்தேன். இரும்புக்கு இதாண்டா நல்ல பெயிண்ட்டு, காலத்துக்கும் துரு ஏறாதுன்னான். நானே உள்ள எறங்கி ரெண்டு கோட்டு அடிச்சேன்." உரிந்த ஒரு பொருக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நானேதான் அடிச்சேன்."

அந்தக் காலத்தில் இரும்புக்கு அடித்த அந்தச் சிவப்பு பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கும். இது மதாமுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மதாம் சொன்னார். மெதுவாக, ஆனால் எதையும் மறைக்காமல் சொன்னார்.

அவர் இறங்கி வந்து வால்வை மூடினார். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, "என் டேங்குதான். பெயிண்ட்டுல இருந்துக்கீது. இனிமே அதப் புடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். மங்கை வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். மங்கை கதவைச் சாத்திக்கொண்டார். அதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

5. பிறகு

எங்கள் காகிதம் சொன்னதையே அரசு லேப் ரிப்போர்ட்டும் சொன்னது. பழைய டேங்கை இறக்கினார்கள். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் வந்தது, லைனையும் புதிதாகப் போட்டார்கள். கோவிந்தசாமியின் மருமகளுக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். பயப்படும்படி இல்லை என்றார்கள். தீபாவுக்கு வைத்தியம் நடந்தது. ரத்தத்தில் ஈயம் உடனே இறங்கவில்லை. மாசங்கள் ஆயின. புது டேங்க் வந்த பிறகும் மங்கை வேறு தெருவுக்குப் போய்த்தான் தண்ணீர் எடுத்துவந்தார்.

அளவு நன்றாக இறங்கிவிட்டதாக ரிப்போர்ட் வந்த பிறகு கோவிந்தசாமி எனக்குப் போன் செய்தார். "மேடம், அந்தக் காயிதம் ஒண்ணு ரெண்டு வேணும். மங்க தண்ணி புடிக்க வரேன்னுச்சு. நான்தான் வேணாம்னேன். மொதல்ல அதுவே பாத்துக்கட்டும்."

மதாமும் நானும் மறுபடி போனோம். மங்கை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயில் பிடித்துச் சொட்டு விட்டார். இடது வட்டம் மஞ்சளாகவே இருந்தது. வலது வட்டம் மாறியது. மங்கை குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தார். நிரம்பியதும் கோவிந்தசாமி தூக்கிவிட்டார். "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு மங்கை போனார். பழையபடி மாமா என்று கூப்பிட்டதில் அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் லேப் இன்றைக்குப் பெரிதாகிவிட்டது. மருந்துக்கான புரதங்கள், தடுப்பூசி ஆராய்ச்சி, தோல் தொழிலுக்கு வேண்டிய என்சைம் என்று பலதையும் அந்தச் சாற்றிலிருந்தே செய்கிறார்கள். மதாம் இன்னும் வருகிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். நான் செய்த எக்ஸ்ட்ராக்டை இப்போது ஒரு மெஷின் செய்கிறது. என்னைவிட நன்றாகவே செய்கிறது. எனக்கு ஞாபகம் வருவதெல்லாம் அந்தக் கிரீச் சத்தமும், மாடியில் பிரெட்டும் மீன் குழம்பும், எங்கள் கையால் காயவைத்த அந்தப் பட்டைகளும்தான்.

மங்கை குடம் நிரப்பிய அன்றைக்குத் திரும்பும்போது கோவிந்தசாமி ரோடு வரைக்கும் கூட வந்தார். நான் ஸ்கூட்டியைக் கிளப்புவதற்குமுன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"மொத நாளு நான் வந்தேனே மேடம். அன்னிக்கி நல்ல தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தீங்கன்னா, ஒங்களக் கும்பிட்டுட்டு சந்தோஷமாப் போயிருப்பேன்."

"ஆமாங்க" என்றேன்.

"தீபா பொண்ணு குடிச்சினே இருந்திருக்கும்."

அன்று மதாமிடம் 'அவ்ளோ கறாரா சொல்லியிருக்க வேணாமோ' என்று கேட்டவள் நான்தான். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். சாம்பிளோடு வருகிறவர் ஒரு நல்ல சொல்லைக் கேட்கத்தான் வருவார். அதைச் சொல்லி அனுப்பிவிட நமக்கும் ஆசையாக இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அங்கேயே விட்டுவிடாதீர்கள், மறுநாள் அவர் வீட்டுக்குப் போங்கள்.